முப்பது மில்லி செகண்ட்

மின்விசிறியை நிறுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும் சார். அதன் சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்று பதினோரு வருடப் பழக்கம். இப்போது பதிவு எதுவும் நடக்கவில்லைதான். ஆனாலும் இந்த ரெக்கார்டிங் அறைக்குள் யாராவது வந்து உட்கார்ந்தால் என் கை தானாகப் போய் சுவிட்சை அணைத்துவிடுகிறது. புழுங்கினால் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.

நீங்கள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர், வந்த காரியம் தெரியும். ஷூ கம்பெனியில் நெல்வினின் இடது கை விரல்கள் நான்கும் போனதை விசாரிக்கிறீர்கள். கோளாறு மெஷினிலா, ஆளிடமா என்று எழுத வேண்டும். ஆளிடம்தான், வியாதியை மறைத்துவிட்டான் என்கிறது கம்பெனி. அப்படி எழுதிவிட்டால் அவனுக்கு இனி அங்கே வேலை இல்லை. வேடிக்கை என்னவென்றால் நெல்வினும் அதையேதான் சொல்கிறானாம். “என் கைதான் சார் தப்பு. எட்டு மாசமா நடுங்குது. சாந்தகுமார் அண்ணாவைக் கேளுங்க, கம்ப்யூட்டர்ல ப்ரூஃப் வெச்சிருக்காரு” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி உங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறான்.

ப்ரூஃப் இருக்கிறது. காட்டுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரையில் செங்குத்தாக நிற்கிற இந்தக் கோடுகள்தான் தாளக் கணக்கு. டிரம்ஸ் வாசிப்பவன் காதில் ஹெட்போன் வழியாக இதே கணக்கு டிக் டிக் என்று ஓடும். அதற்குக் கிளிக் என்று பெயர். அவன் அடித்த ஒவ்வோர் அடியும் இதோ, இப்படிப் புடைத்துக்கொண்டு தெரியும். புடைப்பு கோட்டுக்கு முன்னே பின்னே விழுந்திருந்தால் நான் பிடித்து இழுத்துக் கோட்டில் வைப்பேன். 2003இல் இந்த சாஃப்ட்வேரை வாங்கியதே அதற்குத்தான். கிறிஸ்தவ சபைப் பாட்டு பதிவு செய்ய வேலூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் ஆம்பூருக்கு என்னைத் தேடி வந்ததும் அதற்குத்தான். நானும் ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்தவன். என் அடிகளை முதன்முதலாக இந்தத் திரையில் பார்த்த அன்றோடு விட்டுவிட்டேன்.

நெல்வின் மாதனூர்க்காரன். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி பஸ், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்க இங்கே. முதல் பாட்டை வாசித்துக் கொடுத்தான். நான் திருத்த உட்கார்ந்தேன். திருத்த ஒன்றுமில்லை. எல்லா அடியும் மூன்று, நான்கு மில்லி செகண்டுக்குள் கோட்டின் மேல் நின்றது. வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு, அவ்வளவுதான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விலகிய ஓர் அடியாவது கிடைக்காதா என்று மறுபடியும் முதலிலிருந்து தேடினேன்.

“எப்படிடா?” என்றேன்.

“இன்னாணா, நானும் ஒம்போது வருஷமா கிளிக்கிங்தானே பண்றேன்” என்று சிரித்தான்.

ஷூவுக்குத் தோல் வெட்டுகிற அவன் பிரிவுக்குப் பெயரே கிளிக்கிங். தோலின் மேல் அச்சுக்கத்தியை வை, கையை எடு, மெஷினை இழுத்து அழுத்து. நாள் முழுக்க அதே. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய இரண்டு பொத்தான்களில் ஒன்றை ரப்பர் போட்டுக் கட்டிவிடுவார்களாம், வேகத்துக்காக. “யோசிச்சா போச்சுணா. யோசிக்காத வரைக்கும் கை பத்திரம்” என்றான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இது எனக்கு முதல் நாளே தெரியும் என்பதையும்.

இன்னொன்றும் தெரியும். அவன் அப்பா தோல் பதனிடும் தொட்டியில் உழைத்தவர். கடைசிக் காலத்தில் கை நடுங்கி, ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் செத்தார். தனக்கும் அது வந்துவிடுமோ என்று நெல்வினுக்கு உள்ளூரப் பயம். பெண்டாட்டி பெர்சிஸிடம்கூடச் சொன்னதில்லை. என்னிடம் சொன்னான்.

போன வருடம் சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் வந்தார். நெல்வின் வாசிப்பைக் கேட்டு, வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்றார். அப்போது பெர்சிஸுக்கு ஏழாம் மாதம். இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நல்ல வார்த்தையாகத்தான் சொல்லிப் பார்த்தேன். அவன் முகம் ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டிருந்தது. அவன் நன்மைக்காக வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு வாசித்து முடித்ததும், “கீழே போய் டீ குடிச்சிட்டு வாடா” என்று அனுப்பினேன். பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. எல்லா அடிகளையும் ஒரே அளவு தள்ளக் கூடாது, அப்படிச் செய்தால் நடுக்கமாகத் தெரியாது. ஒன்றை ஐந்து பின்னால், ஒன்றை எட்டு முன்னால், இரண்டை அப்படியே விட்டு, அடுத்ததைப் பன்னிரண்டு. பெரும்பாலும் இடது கை அடிகளில். திரும்பி வந்தவனுக்குத் திரையைக் காட்டினேன். கை நடுங்குகிறது என்று என் வாயால் சொல்லவில்லை. காட்டினேன், அவ்வளவுதான். அப்புறம் அவன் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக இழுத்துக் கோட்டில் வைத்தேன். “தேங்க்ஸ்ணா” என்றான்.

நாலாவது ஞாயிறு முப்பது மில்லி செகண்ட். அந்த அளவுக்குப் போனால் காதுக்கே இடறும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டான். “அப்பாவுக்கும் இந்தக் கைலதான்ணா ஆரம்பிச்சுது” என்றான். சென்னைக்காரருக்கு வரவில்லை என்று அவன் போன் செய்தது இதோ இந்த மேஜையிலிருந்துதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவன் பதிவு இல்லாத ஞாயிறுகளிலும் வர ஆரம்பித்தான். சர்க்கரை பரிசோதிக்கப் போகிறவன் மாதிரி வாசலில் செருப்பை விட்டுவிட்டு, “கொஞ்சம் பாருங்கணா” என்பான். வாசிப்பான். டீ குடிக்கப் போவான். வந்து, “இன்னைக்கு எவ்ளோணா?” என்று கேட்பான். நான் சொல்லும் எண்ணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சில வாரம் கம்மி செய்வேன். குழந்தை மாதிரிச் சிரிப்பான். அடுத்த வாரம் ஜாஸ்தி. எனக்கும் ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. மறைக்கவில்லை.

பிரிவு சூப்பர்வைசர் மக்பூல் அகமது உங்களிடம் சொல்லியிருப்பார். கொஞ்ச நாளாக நெல்வின் மெஷினில் நின்று ஒன்னு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணுகிறான், நடுநடுவே இடது கையை உற்றுப் பார்க்கிறான் என்று. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் பார்த்தான். நடுங்குகிறதா என்று பார்த்த கணத்தில் கை அச்சுக்கத்தி மேலேயே இருந்தது. வலது கை ஒன்பது வருடப் பழக்கத்தில் சரியான நேரத்துக்கு அழுத்திவிட்டது.

இப்போது திரையைப் பாருங்கள் சார். இது அவனுக்கு நான் காட்டியது, விபத்துக்கு இரண்டு நாள் முந்தைய ஞாயிறு. எப்படிக் குளறிக் கிடக்கிறது பாருங்கள். இது அதே வாசிப்பின் அசல். ஒன்றையும் நான் அழிக்கவில்லை. எட்டு மாதம் பயந்து பயந்து வாசித்த பிறகும் நான்கு மில்லி செகண்டைத் தாண்டவில்லை. அவன் கைக்கு ஒன்றுமே இல்லை. நடுக்கம் முழுவதும் நான் செய்தது.

அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானைக் கட்டிய ரப்பரையும் எழுதுங்கள், அவனுக்கு வேலை போகக் கூடாது. கையெழுத்துப் போடுகிறேன். போலீஸுக்கும் நான் பயப்படவில்லை. ஒரே ஒரு உதவி, அசலை மட்டும் அவனுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். என் பயமெல்லாம் அதுதான். பாவம், தாங்க மாட்டான்.

காலையில் பெர்சிஸ் போன் செய்தாள். “அண்ணா, சாப்பிடவே மாட்றாரு. மிச்சமிருக்கற கைலயும் நடுக்கம் வந்துடுச்சான்னு உங்ககிட்ட காட்டணுமாம். ஞாயித்துக்கிழமை கூட்டினு வரட்டா?” என்று அழுதாள்.

கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஒற்றைக் கையோடு அவன் எங்கே போவான் சார்? பார்த்துச் சொல்ல அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?