ஓவனில் காய்ந்த பித்தளை

பித்தளையைக் கழுவுவது சுலபம். காயவைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடுகிறவன் நான். டெக்சஸில் இருக்கும் கேட்டி ஊருக்கு வந்தபிறகு ஆபீஸ் நண்பர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். கூட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் மருந்து நமத்துவிடும்; குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். ஆளுக்கே ஆபத்து. அந்த விஷயத்தில் நான் மிகவும் கவனமானவன்.

இதற்கென்று கராஜில் ஒரு சின்ன டிரையர் வைத்திருந்தேன். அது கெட்டுப்போனதும், புதிது வாங்கும்வரை என்று சமையலறை ஓவனில் காயவைத்தேன். பிறகு வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஓவன் வசதியாக இருந்தது.

சுட்ட கூடுகளில் ஈயம் ஒட்டியிருக்கும், சாப்பாட்டுச் சாமான் பக்கமே கொண்டுபோகாதே என்பதுதான் இதில் முதல் பாடம். எனக்கும் தெரியும். அதனால் ஓவன் தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுவேன். அந்தத் தட்டில்தான் என் மனைவி நாகலக்ஷ்மி எங்கள் மகளுக்கு ராகி பிஸ்கட் சுடுவாள். தீக்ஷாவுக்கு அப்போது இரண்டு வயது.

வழக்கமான செக்கப்பில் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று வந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், கண் மை, பழைய பெயின்ட். வீட்டில் யாராவது துப்பாக்கி சுடுவதுண்டா என்றும் கேட்டார்.

"இவர் சுடுவார். ஆனா எல்லாம் கராஜோட சரி," என்றாள் நாகலக்ஷ்மி.

அவள் அப்படித்தான் நம்பினாள். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது மட்டுமே நான் ஓவனைப் போடுவேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். வந்தது வேறு.

"காமாக்ஷி ஆன்ட்டி ஈயச்சொம்புல ரசம் வைக்கறாங்களே," என்றேன்.

காமாக்ஷி ஆன்ட்டி எங்கள் தெருக்கோடியில் இருந்தவர். கணவர் இறந்தபிறகு, வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளைப் பகலில் தன் வீட்டில் பார்த்துக்கொண்டார். தீக்ஷாவும் அங்கேதான் வளர்ந்தாள். அவர் மடியில் உட்கார்ந்துதான் ரசம் சாதம் சாப்பிடுவாள்.

சொம்பைச் சோதித்தார்கள். அதிலும் கொஞ்சம் ஈயம் இருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. மற்ற பெற்றோர்களும் குழந்தைகளை அவரிடம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டையும் சோதிக்கச் சுகாதாரத் துறை ஆட்கள் வருவார்கள் என்றார்கள். அதற்கு முன்பே ஓவனை ஆள்விட்டுச் சுத்தம் செய்து, தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வைத்தேன். ஆனால் அதற்கும் முன்னால் கடைசியாக ஒருமுறை காயவைத்தேன். அந்த வாரம் ரேஞ்சில் துப்பாக்கி சுடும் மேட்ச் இருந்தது. கழுவிய பித்தளையை ஈரத்தோடு விட்டால் கறுத்துப்போகும்.

அடுத்த டெஸ்டில் அளவு குறைந்திருந்தது. "நல்லவேளை, உங்களுக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்துச்சு," என்று நாகலக்ஷ்மி என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆனால் அதற்குள் தீக்ஷா பேசிக்கொண்டிருந்த சில வார்த்தைகளும் நின்றுவிட்டிருந்தன. திரும்ப வருமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. வேண்டியதை விரலால் காட்டுகிறாள். பிஸ்கட் டப்பாவைக் காட்டும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஆன்ட்டி வீட்டை விற்றுவிட்டு நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் ரோஹனிடம் கிளம்பினார். போகும் முன் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை; வாசலிலேயே நின்றார்.

"ஸ்ரீநிவாஸ், தெரியாம பண்ணிட்டேன்பா. என் கையாலயே குழந்தைக்கு விஷத்தை ஊட்டிட்டேனே," என்றார். கையை விரித்துக் காட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க ஆன்ட்டி. நீங்க வேணும்னு செய்யலையே," என்றேன்.

அவர் கார் போனதும் நாகலக்ஷ்மி கேட்டாள். "எப்படிங்க உங்களால அவங்களை மன்னிக்க முடிஞ்சுது?"

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்றேன். அவளிடம் நான் எப்போதும் பொய் சொல்கிறவன் இல்லை.