மாமாவின் காரை நான்கு சென்டிமீட்டர் இறக்கியவன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாளைத் தானே முதலில் பிரிக்க வேண்டும் என்று ஒரு மனிதன் ஆசைப்படுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். மச்சான், அப்பாவை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று நீங்கள் நேற்று போனில் கேட்டபோது உங்கள் தங்கை பக்கத்திலேயே நின்றாள். அதனால் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உங்கள் அப்பா மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் எட்டு மணிக்கு அத்தையோடு வந்துவிடுவார். வந்ததும் என் குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் முடிப்பார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவார். சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்து, "மாப்பிள்ளை, இந்தக் குழாய மாட்டினவன் ப்ளம்பரா, பூசணிக்கா வியாபாரியா?" என்பார். மாட்டியவன் நான்தான். அது அவருக்கும் தெரியும்.

அவரை வர வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் மரியாதை கெட்டவன் அல்ல. அதனால் அவருடைய காரைக் கவனித்தேன்.

இருபத்திரண்டு வருடத்துக் கார் அது. தோல் இருக்கை, மரப்பலகை பதித்த டாஷ்போர்டு, கப்பல் மாதிரி நீளம். உங்களைவிட அதன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாள் அவர் தொட்டிக்கு அடியில் இருந்தபோது, மகளின் பள்ளி ஸ்கேலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே பதினைந்து சென்டிமீட்டர். எங்கள் குடியிருப்பு வாசலில் இருக்கும் வேகத்தடை பன்னிரண்டு. மிச்சம் மூன்று. நான்கு சென்டிமீட்டர் இறக்கும் கட்டை ஸ்பிரிங் கிடைக்கும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு மெதுவாகச் சொன்னேன். "மாமா, உங்க வண்டி பேன்ட்ட முழங்காலுக்கு மடிச்சு விட்டுட்டு நிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் இறக்கினா ராஜா மாதிரி இருக்கும்."

அவர் ஜன்னல் வழியாகக் காரை வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றார். அவருக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஆனால் அடுத்தவன் தனக்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியாது. நான் அதைத்தான் நம்பியிருந்தேன்.

மெக்கானிக்கிடம் காரை நானே கொண்டுபோனேன். நல்ல மனிதர். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போதே எச்சரித்தார். "சார், ஷாக் அப்சார்பர் எல்லாம் களைச்சுப் போயிருக்கு. அதையும் மாத்தாம இந்த ஸ்பிரிங்க மட்டும் போட்டா ஒவ்வொரு பள்ளத்துலயும் பல்லு தட்டும்."

"தட்டட்டும்," என்றேன்.

"ஓட்டப்போறது யாரு?"

"என் மாமனார்."

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார். அவருக்கும் ஒரு மாமனார் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு நான் மாடியில் நின்று பார்த்தேன். கார் வேகத்தடை மேல் ஏறி, நடுவில் உட்கார்ந்து, தராசுத் தட்டு மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. திரும்பிப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பின்கதவு திறந்தது. அத்தை இறங்கினார். இறங்கியதும் கார் நிம்மதியாக மூச்சு விட்டதுபோல் எழுந்து உள்ளே வந்தது. அத்தை கைப்பையோடு பின்னால் நடந்து வந்தார். மேலே ஏறி வந்ததும், "நான் குண்டாயிட்டேனா மாப்பிள்ளை?" என்று கேட்டார். இல்லை அத்தை என்றேன். அது மட்டும்தான் அன்று நான் சொன்ன உண்மை.

ஆகவே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியதாயிற்று. வேகத்தடை உயரம் போதாது, குழந்தைகள் விளையாடுகிற இடம் என்றேன். பிஞ்சுக் கால்கள் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எல்லாரும் கை தூக்கினார்கள். ஒருவர் என்னைத் தழுவிக்கொண்டார். மூன்று சென்டிமீட்டர் கூட்டினார்கள்.

ஆனால் உங்கள் அப்பாவின் பிடிவாதத்துக்கு என் ஸ்கேலில் அளவு இல்லை. அடுத்த ஞாயிறு அத்தையைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, காரைப் பின்னால் எடுத்து, வேகமாக வந்து ஏறினார். பல்லு தட்டும் என்று மெக்கானிக் சொன்னது அந்தச் சத்தத்துக்கு மிகவும் குறைவான வார்த்தை. கார் உள்ளே வந்துவிட்டது. என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் வாசலிலிருந்து எங்கள் படிக்கட்டு வரை கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்து உயிரை விட்டது.

இந்தக் காருக்கு அந்தப் பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார் மெக்கானிக். வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார் உங்கள் அப்பா. இப்படித்தான் அவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். பதினொரு வாரம் ஆகிறது.

நான் பட்டது கொஞ்சமல்ல. காலை ஆறரைக்கு இரண்டு டம்ளர் காபியோடு வந்து என்னை எழுப்பிவிடுகிறார். மத்தியானம் ஒன்றரைக்கு ஆபீசுக்கு போன் செய்து, "சாப்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்கிறார். மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து போய் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் போன் வரவில்லை, அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அந்த அளவுக்கு என் ஒழுங்கைக் கெடுத்து வைத்திருக்கிறார். சாயங்காலம் அட்டைப்பெட்டியை விரித்து இருவரும் காருக்கு அடியில் படுத்துக்கொள்கிறோம். அவர் டார்ச் பிடிப்பார், நான் துரு சுரண்டுவேன். போன வாரம் ஒரு நட்டைச் சரியாக முறுக்கினேன். "பரவால்லயே," என்றார். உங்கள் தங்கையிடம் அதை நான்கு முறை சொன்னேனாம். இரண்டு முறைதான் சொன்னேன்.

நேற்று நீங்கள், "மாப்பிள்ளை, நீங்க தெய்வம், வெள்ளிக்கிழமை லாரியோட வர்றேன், வண்டியையும் அவங்களையும் கூட்டிட்டுப் போயிடறேன்," என்றீர்கள். அதனால்தான் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாகம் ஆறு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. என் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என் பீரோவில், பழைய ஃபைல்களுக்குப் பின்னால், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மெக்கானிக் வாரம் ஒருமுறை கேட்கிறார். வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனவே லாரி வேண்டாம். மழை முடிந்ததும் நாங்களே பொருத்திவிடுவோம். ஈரத்தரையில் படுத்தால் மாமாவின் முதுகுக்கு ஆகாது. மழை முடிந்தால் வெயில் தொடங்கிவிடும், அதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது; பார்த்துத்தான் செய்ய வேண்டும். இதை வைத்து என்னைத் தவறாக எண்ணிவிடாதீர்கள், மச்சான். உங்கள் அப்பாவை எப்படியாவது இங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் திட்டம்.