மேற்படி அத்திமரம்

பெயர்: கலோஜெரோ மிஸ்த்ரெத்தா. தகப்பனார் பெயர்: ரொசாரியோ மிஸ்த்ரெத்தா, நல்லாத்மா (இப்படியே எழுதும்படி சாட்சி கேட்டுக்கொண்டார்). வயது: 53. முகவரி: யூனியன் தெரு, இரண்டாம் மாடி, புரூக்ளின், நியூயார்க். தொழில்: நிலக்கரி வண்டி, முன்பு ஐஸ் வண்டி. 1958 மார்ச் 24, திங்கட்கிழமை முற்பகல், துப்பறியும் அதிகாரி கீஹான் முன்பாகக் கூறியது:

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி பிலோமினாவுடனும் நான்கு பெண் பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். ஆறாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். டீச்சருக்கு என் பெயர் வாயில் நுழையாததால் சார்லி என்று மாற்றிவிட்டார், அதைத் தவிர அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நான் எதையும் கொண்டு வந்ததாக நினைவில்லை. வீடு வீடாக ஐஸ் சுமந்துகொண்டிருந்தேன். எல்லோரும் குளிர்பெட்டி வாங்கிய பிறகு நிலக்கரிக்கு மாறினேன், இப்போது எல்லோரும் எண்ணெய்க்கு மாறுகிறார்கள். நான் கை வைத்தால் அந்தத் தொழில் படுத்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். நான் எந்தக் கும்பலிலும் உறுப்பினன் அல்ல. என்னைச் சேர்த்தால் கும்பலும் படுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கரோல் தெருவில் இருந்த நுன்ஸியோ தெர்ரானா, வயது சுமார் 45, என் மூன்றாவது மகள் லூச்சியாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் ‘கும்பாரே’ என்று அழைத்துக்கொள்வது எங்கள் வழக்கம், அது ரத்த உறவைவிட ஒரு பிடி மேல். மேற்படி நுன்ஸியோ, மொத்தக் காய்கறி வியாபாரி என்று சொல்லிக்கொள்ளும் டான் சவேரியோ லமோனிகாவுக்குக் கார் ஓட்டி வந்தார். சவேரியோவின் மற்றத் தொழில்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நுன்ஸியோ எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை பரிமாறப்போனபோது வேண்டாம் என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

“என்ன கும்பாரே, மொகம் சுண்டிக் கெடக்கு?” என்று கேட்டேன்.

“விசாரணைக்கு வரச்சொல்லி சம்மன் வந்திருக்கு, கும்பாரே. நான் வாயே தொறக்கமாட்டேன்னு டான்கிட்ட சொல்லிட்டேன். அவரு என் கன்னத்தைத் தட்டி, ‘உன்னை எனக்குத் தெரியாதாடா’ன்னாரு.”

“அப்புறம் என்ன கவலை?”

“ரொம்ப மெதுவாத் தட்டினாரு.”

அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அதே வாரத்தில் சவேரியோவின் அக்கா மகன் ஆல்ஃபியோ வந்து, அத்திமரத்தைப் படுக்க வைக்க மாமா கூப்பிடுகிறார் என்றான். இந்தக் குளிரை அத்தி தாங்காது என்பதால், குளிர்காலத்துக்கு முன் ஒரு பக்கத்து வேரை அறுத்து, மரத்தைச் சாய்த்துக் குழியில் படுக்கவைத்து, பலகையும் சருகும் போட்டு மண்ணால் மூடிவிட்டு, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவது எங்கள் ஊர்க்காரர்கள் செய்வது. என் வாழ்க்கையில் எனக்குப் படுக்காத ஒரே தொழில் இதுதான், இதிலும் மரத்தைப் படுக்க வைப்பதுதான் வேலை என்பதால் இருக்கும். சவேரியோவின் மரத்தை வருடா வருடம் நானே புதைத்து நானே எழுப்பி வருகிறேன்.

நான் போய்ப் பார்த்தபோது மரத்தில் இலைகள் பச்சையாகவே இருந்தன. இலை உதிராமல் புதைத்தால் அழுகிவிடும் என்று சொன்னேன். அழுகினால் அழுகட்டும் என்றார் சவேரியோ. வழக்கமாகக் குழியையும் நான்தான் வெட்டுவேன், அன்று அது வெட்டித் தயாராக இருந்தது. உள்ளே இறங்கினேன். குழியின் அடி கெட்டியாக இருக்கவேண்டும், என் பூட்ஸ் கணுக்கால்வரை அமிழ்ந்தது. தோண்டிய மண்ணை மறுபடி போட்டு நிரவியது போல இருந்தது.

“யாருப்பா வெட்டினது? மரத்துக்கு வெட்டினீங்களா, மாட்டுக்கு வெட்டினீங்களா?” என்று கேட்டேன்.

ஆல்ஃபியோ சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து சவேரியோ சிரித்தார். அவர் சிரித்த பிறகு ஆல்ஃபியோவும் சிரித்தான்.

அதன் பிறகு நான் மரத்தைச் சாய்த்து, கிளைகளைக் கட்டி, படுக்கவைத்து, மூடி, மேலே நின்று மிதித்துக் கெட்டிப்படுத்தினேன். முடித்ததும் எல்லா மரத்துக்கும் சொல்வதையே இதற்கும் சொன்னேன். “நல்லாத் தூங்கு. நான் வந்து எழுப்புறேன்.” இதை எழுத வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

அந்தப் பூட்சைக் கழற்றி எங்கள் ஜன்னலுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டில் வைத்தேன், அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. குளிர்காலம் முழுவதும் கோயிலுக்குப் போகும் ஷூவில் நிலக்கரி சுமந்தேன். தொழிலுக்கு மரியாதை செய்கிறார் அப்பா என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

அதற்குப் பிறகு நுன்ஸியோவைக் காணவில்லை என்று அவர் மனைவி அசுந்தா எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். சம்மன் ஆறும்வரை அவன் புளோரிடாவில் இருக்கிறான் என்று சவேரியோ எல்லோரிடமும் சொன்னார். நுன்ஸியோ கொடுக்கச் சொன்னதாக வெள்ளிக்கிழமைதோறும் அசுந்தா வீட்டுக்கு மீன் வந்தது. அவள் கறுப்பு உடுத்தவில்லை. உடுத்தினால், உன் புருஷன் செத்துவிட்டதாக யார் சொன்னார்கள் என்ற கேள்வி வரும். ஆகையால் நீல கவுனிலேயே கோயிலுக்கு வந்து, கறுப்பு உடுத்த பெண்களின் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

இந்த மாதம் 19ஆம் தேதி, சூசையப்பர் திருநாளன்று, சவேரியோ வீட்டில் வழக்கம்போல் ஊருக்கெல்லாம் விருந்து. நானும் போயிருந்தேன், அசுந்தா சமையலறையில் உதவிக்கொண்டிருந்தாள். மேசையில் காய்ந்த அத்திப்பழத் தட்டு இருந்தது. சவேரியோ அதை எங்கள் பக்கம் தள்ளினார்.

“எடுத்துக்கங்கப்பா, நம்ம தோட்டத்துப் பழம். நுன்ஸியோ, நல்லாத்மா, இருந்தான்னா தட்டையும் சேத்துத் தின்னுருப்பான்.”

இதை விளக்கிச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். செத்தவர்களின் பெயரைச் சொன்னால் கூடவே ‘நல்லாத்மா’ என்று சேர்க்காமல் எங்கள் நாக்கு நிற்காது. உயிரோடிருப்பவருக்கு யாராவது வாய்தவறி அதைச் சொல்லிவிட்டால், சாவு அந்த ஆளைத் தேடி வராமலிருக்க, கேட்டவர்கள் எல்லோரும் உடனே இரும்பைத் தொட வேண்டும். ஒருமுறை நான் என் மாமியாரைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டேன், அவர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மேசையில் இருந்த அத்தனை பேரும் கத்தியையும் கரண்டியையும் பாய்ந்து பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள். மாமியார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, அந்த வகையில் எனக்கு நஷ்டமில்லை.

சவேரியோ அந்தச் சொல்லைச் சொன்னதும் என் கை தானாக முள்கரண்டிக்குப் போய்விட்டது. பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். வேறு ஒரு கையும் அசையவில்லை. ஒருவரும் திட்டவில்லை. ஆல்ஃபியோ பழத்தை மென்றுகொண்டிருந்தான். சவேரியோ என் கையைப் பார்த்தார். வாசல்படியில் அசுந்தா, மத்தி மீனும் வறுத்த ரொட்டித்தூளும் போட்ட பாஸ்தாத் தட்டோடு நின்றிருந்தாள். அவள் நடந்து வந்து அதை அவர் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடுங்க டான் சவேரியோ, ஆறிடும்” என்றாள்.

நான் கிளம்பும்போது சவேரியோ வாசல்வரை வந்தார். “கலோ, இந்த வருஷம் மரத்தை எழுப்ப நீ வர வேணாம். அந்த எடத்துல ஆல்ஃபியோ காருக்கு ஷெட் போடணும். வர்ற வாரம் வியாழக்கிழமை சிமெண்ட் ஊத்தறாங்க.”

“அப்ப மரம்?”

“அது இருக்கட்டும் விடு. உனக்கும் வயசாச்சு. நாலு பொண்ணு வச்சிருக்கே.”

“நாலு பொண்ணுங்கறதை நான் மறந்தாலும் செருப்புக் கடைக்காரன் மறக்க விடமாட்டான் டான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கன்னத்தைத் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார்.

வெள்ளிக்கிழமை அசுந்தா அந்த வாரத்து மீனைப் பிரிக்காமல் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து, மேசைமேல் வைத்தாள்.

“நீங்க இரும்பைத் தொட்டீங்கண்ணே. பாத்தேன்.”

“கை தானாப் போச்சும்மா.”

“அந்த மேசையில என் புருஷன் உசுரோட இருக்காருன்னு நெனச்சது நீங்க ஒருத்தர்தான்.”

ஜன்னலுக்கு வெளியே பூட்ஸ் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்குப் பழியெல்லாம் வேணாம்” என்றாள். “கறுப்புத் துணி உடுத்தணும். ஒரு பூசை வைக்கணும். போய் நிக்கறதுக்கு ஒரு எடம் வேணும்.”

அதன் பிறகு நான் குழியைப் பற்றிச் சொன்னேன். மண் அமிழ்ந்ததைச் சொன்னேன். வியாழக்கிழமை சிமெண்ட் வருவதையும் சொன்னேன். அவள் அழவில்லை, மீன் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

நான் இங்கே வரப்போவதாகச் சொன்னதும் பிலோமினா, “நாலு பொண்ணுய்யா நமக்கு” என்றாள். நான் சரி, போகவில்லை என்றேன். அவள் மேசையைத் துடைத்து முடித்துவிட்டு, “லூச்சியாவுக்குத் தலையில தண்ணி ஊத்தறப்ப புள்ளையைத் தாங்கிப் புடிச்சது அந்தக் கைதான். போய்ச் சொல்லிட்டு வா” என்றாள். பிறகு பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, கறுப்புச் சாயத்தைக் கரைத்து, அசுந்தாவின் நீல கவுனை வாங்கி அதில் முக்கினாள். என் பெண்கள் இப்போது புரூக்ளினில் இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோண்டுவது வியாழக்கிழமைக்கு முன்பு நடக்கவேண்டும். மேற்படி அத்திமரம் வீட்டின் பின்பக்கம், வேலியை ஒட்டி, தலை கிழக்கே பார்க்கப் படுத்திருக்கிறது. இயந்திரம் வேண்டாம், மண்வெட்டி போதும். மேற்குப் பக்கத்து வேரை நான் அறுக்காமல் விட்டிருக்கிறேன், அதைக் காயப்படுத்தாமல் முதலில் மரத்தைத் தூக்குங்கள், பிறகு அதற்குக் கீழே பாருங்கள். தூக்கும்போது நானும் இருக்க அனுமதி வேண்டும். வந்து எழுப்புகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டது மரம் மட்டுமாக இருக்காது.

என் கும்பாரே நுன்ஸியோ தெர்ரானா இறந்துவிட்டதாக நம்புகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். தோண்டிப் பார்க்கும்வரை அவர் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டேன். இதைச் சொல்லும்போதும் என் கை இந்த மேசையின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, சிரிக்கும்படி சொன்ன இடங்களும் உண்மையே. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ சொல்லவில்லை. முதலில் ‘சார்லி’ என்று போட்டு அடித்திருப்பதும் என் கையெழுத்தே.

(ஒப்பம்) கலோஜெரோ மிஸ்த்ரெத்தா