காத்தாடி நாற்காலி

திரேஸ்புரம் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர். இளையவளின் மடியில் ஒரு வாரப் பத்திரிகை விரிந்திருந்தது.

“மைனி, அண்ணன் செஞ்ச காத்தாடி நாற்காலியக் கேலி பண்ணி இந்தப் பத்திரிகைக்காரன் படம் போட்டிருக்கான். ஒங்களுக்கு வருத்தமில்லையா?”

“மொதல்ல அழுகதான் வந்துட்டு. நான் வெயில்ல கெடக்கேன்னு, மிதிச்சா காத்தாடி சுத்தி காத்து வருத மாதிரி சைக்கிள் பெடல் வச்சி செஞ்சாவ. படத்துல நான் மீன் கூடையோட வானத்துல பறக்கேன்.”

“அண்ணன் என்ன சொன்னாவ?”

“ரொம்ப நேரம் படத்தையே பாத்தாவ. ‘ஏளா, நான் காத்தாடிய முதுகுப் பக்கம் வச்சேன். இவன் தலைக்கு மேல வரைஞ்சிருக்கான். இதுதான் சரி’ன்னாவ. அன்னைக்கே மாத்திட்டாவ. இப்ப எனக்கும் நல்லா காத்து வருது, மீன்லயும் ஈ உக்கார மாட்டேங்கு.”