அழாத மடி

— திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்கக்கா. முதல்ல இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க, ஒரு கதை சொல்றேன்.

— கதையெல்லாம் வேணாம் டீச்சர். எல்லாக் குழந்தையும் போயாச்சு, எனக்கும் பஸ்ஸு போயிடும். என் பொண்ணு சிட்டு நாள் பூரா உங்ககிட்ட பூனைக்குட்டி மாதிரி இருக்கா. சாயங்காலம் என்னைப் பாத்ததும் ஊரைக் கூட்டுறா! ‘பெத்தவளா இருந்தா பொண்ணு இப்படி அழுமா’ன்னு என் மாமியார் குத்துறாங்க. தத்தெடுத்தவ நான் எதைச் சொல்லி வாயை அடைக்கறது? நாளைலேருந்து வேற குழந்தைக் காப்பகம் பாத்துக்கறேன்.

— அதுக்குத்தான்க்கா இந்தக் கதை. ஆராய்ச்சி பண்றவங்க ஒரு அம்மாவையும் குழந்தையையும் ஒரு ரூம்ல விட்டாங்க. அம்மா நடுவுல எழுந்து வெளிய போவா. அப்போ அழறதைவிட, அவ திரும்பி வந்ததும் குழந்தை என்ன பண்ணுதுன்னுதான் பாத்தாங்க. ஓடி வந்து கட்டிக்கிட்டு, அழுது, அப்புறம் அடங்குச்சுன்னா அவளை நம்புதுன்னு அர்த்தம். அதுக்கப்புறந்தான் காப்பகங்கள்ல ஒரு குழந்தைக்கு ஒரே டீச்சர்னு வந்துச்சு. சொல்லாம நழுவிப் போகாதீங்கன்னு அம்மாங்களுக்குச் சொல்றதும் அதனாலதான். சிட்டு நாள் பூரா அழுகையை உங்களுக்குன்னு சேத்து வைக்கறாக்கா.

— அப்போ உங்களை நம்பலையா? மத்ததுங்க பழக வாரக்கணக்காகுது, இவ மொத நாளே உங்க மடியில தூங்கினாளே.

— ம்ம்ம்... தூங்கு கண்ணு, தூங்கு.

— நீங்க என்னமோ முனகுறீங்களே, அதை வீட்டுல இருட்டைப் பாத்து முனகுறா.

— அது பாட்டில்லக்கா. சும்மா ஒரு சத்தம்.

— இவ காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்குன்னு மொத நாளே சொன்னீங்க. நான் தொப்பியையே கழட்டல அன்னிக்கு.

— பாத்திருப்பேன்...

— லைட்டைப் போடுங்க.

— தூங்குறாக்கா.

— போடுங்கன்னேன்! என்ன இது தொட்டில்ல? அம்மா வாசம் வேணும்னு கேட்டீங்க, என் பழைய சேலையைக் கொடுத்தேன். இது அது இல்ல.

— உங்க சேலை மேல இருக்கு. இது அடியில விரிச்சது.

— நீலக் கட்டம். நடுவுல கிழிச்சிருக்கு. இதோட மறுபாதி என் பீரோவுல இருக்கு. தத்தெடுத்தப்போ அவளைச் சுத்திக் கொடுத்த துணி அது.

— கத்தாதீங்கக்கா, முழிச்சுக்குவா.

— யாரு நீ?

— முழிச்சுட்டா. பாருங்க, உங்களைத் தேடி உதட்டைப் பிதுக்கறா.

— நீ யாருன்னு கேக்கறேன்!

— மொதல்ல தூக்குங்கக்கா, அழறா... ஆங். எப்படிக் கழுத்தைக் கட்டிக்கிட்டு அடங்கிட்டா பாருங்க. மாமியார்கிட்ட இதைச் சொல்லுங்க. நானும் தினமும் இவகிட்ட சொல்லாம நழுவிப் போவேன். கதவுக்குப் பின்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், அப்புறம் திரும்பி வருவேன். பெத்தவளைப் பாத்து ஒரு தடவைகூட அழலக்கா. கூட்டிட்டுப் போங்க. உங்க வீடு எப்பவும் இவ சத்தத்தால நிறைஞ்சு இருக்கட்டும்.