கூண்டு வண்டியில் குடித்தனம்

வண்டியில் குடித்தனம் நடத்தும் சகல ஜனங்களுக்கும் நான் அறிவிக்க வேண்டிய மகத்தான உண்மை ஒன்று இருக்கிறது. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைத்தால், ஒரு கூண்டு வண்டிக்குள் ராஜாவைப் போல வாழலாம். இதைக் கண்டுபிடிக்க எந்தத் துரையும் சீமையிலிருந்து கப்பலேறி வரவில்லை. குர்ஷித் ஆகிய நான் கண்டுபிடித்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா நேராக விஷயத்துக்கு வரச் சொல்கிறார். இதுதான் ஐயா விஷயம்.

நானும் அப்துல் சமத்தும் ஆட்டுத்தோல் வாங்க ஊர் ஊராகப் போவோம். திருப்பத்தூர்ச் சந்தை, வாணியம்பாடி, கடைசியில் ஆம்பூர் தோல் கிடங்கு. மாதத்தில் பாதி நாள் வண்டிதான் வீடு. தோலைத் தடவிப் பார்த்து விலை பேசுவது சமத். மற்றதெல்லாம் நான். ஆரம்பத்தில் அந்த வண்டி இருந்த லட்சணம், அரிசி மூட்டைமேல் செருப்பு, செருப்புக்குள் சீப்பு.

நான் கழிவுத் தோலில் பைகள் தைத்து, கூண்டின் மூங்கில் வளைவுகளில் வரிசையாகத் தொங்கவிட்டேன். மிளகாய்க்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, சமத்தின் கைக்குட்டைகளுக்கு ஒன்று. பலகையில் வட்டம் வட்டமாக ஓட்டை போட்டு, தம்ளர்களை அதில் இறக்கினேன். எந்தக் குழியில் சக்கரம் இறங்கினாலும் ஒரு தம்ளர் வாய் திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கைப் பெட்டி. ஆள் நீளத்துக்குச் செய்தேன். பகலில் மேலே உட்காரலாம், ராத்திரியில் படுக்கலாம், உள்ளே போர்வைகள். மூடியின் விளிம்பு முழுக்க மெத்தென்ற தோல் வைத்து ஆணி அடித்தேன். மோட்டார் பஸ் கிளப்புகிற புழுதியில் ஒரு பொட்டுகூட உள்ளே போகாது.

"இன்னாடா குர்ஷித்து, வண்டியா இது, நவாப் வூட்டு அலமாரியா?" என்பான் சமத். சொல்லிக்கொண்டே கைக்குட்டையை மிளகாய்ப் பையில் திணிப்பான். மறுநாள் சந்தையில் அதிலேயே முகத்தைத் துடைத்துவிட்டு, கண்ணீர் விட்டபடி விலை பேசுவான். இரக்கப்பட்டு விலையைக் குறைத்தவர்களும் உண்டு. அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வான்.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபப்படுவது ஒழுங்கில்லாதவர்களின் வேலை.

போன மாதம் வாணியம்பாடி சுகரா பேகத்தை அவனுக்கு நிச்சயம் செய்தார்கள். நான்தான் முதலில் வாழ்த்தினேன். இந்தத் தடவை போனபோது, பாலாற்றங்கரையில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னான்.

"நிக்கா முடிஞ்சதும் அடுத்த நடைக்கு அவளும் வர்றா. அந்தப் பெட்டியக் காலி பண்ணு. அவ துணிமணி வெக்கணும்."

"அப்ப நான் எங்க படுக்கறது பாய்?"

"நீ எதுக்கு? சோத்த அவ பாத்துப்பா. நீ ஆம்பூர்லயே இறங்கிக்கோ." கூண்டுக்குள் ஒரு பார்வை பார்த்தான். "அந்தப் பையெல்லாத்தயும் கழட்டிடு. பொம்பள வர்ற எடத்துல தோலத் தோரணம் கட்டி வெச்சிருக்கற."

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அவனே ஏறிப் பெட்டியைத் திறந்து, மடித்த போர்வைகளை ஒவ்வொன்றாக மணலில் வீசினான். பிறகு, டிரங்குப் பெட்டி அடங்குமா என்று அளவு பார்க்கிறேன் என்று உள்ளே இறங்கிக் கால் நீட்டிப் படுத்தான்.

"சொகமாத்தான்டா இருக்குது," என்றான்.

மூடியைத் திறந்தபடி விடுவது அவன் பழக்கம். மூடி வைப்பது என் பழக்கம். மூடினேன். மேலே உட்கார்ந்தேன். உட்காருவதற்கும் சேர்த்துச் செய்த பெட்டிதானே.

முதலில் சிரித்தான். பிறகு என் பெயரைச் சொன்னான். பிறகு சுகராவின் பெயரைச் சொன்னான். குழம்புக்குப் பூண்டு உரிக்க வேண்டியிருந்தது. தோலைக் கண்ட இடத்தில் போடாமல் ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டே உரித்தேன். பூண்டு தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவசரப்படுகிறவன் எந்த வேலையையும் ஒழுங்காக முடிப்பதில்லை.

தோலுக்குப் போடுகிற உப்பு நிறைய இருந்தது. உப்பில் கஞ்சத்தனம் செய்தால்தான் நாறும். நான் தாராளமாகப் போட்டேன். வாங்கிய தோல்கட்டுகளை மணலிலேயே இறக்கிவிட்டேன். வண்டியை ஆற்று ஊற்றுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சாம்பிராணி போட்டேன். ஒவ்வொரு பையிலும் அதனதன் சாமான் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வண்டி வண்டியாக இருந்தது.

வேலூர்ப் பக்கம் போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். மாடுகள் கேட்கவில்லை. பழகிய தடத்தில் திரும்பி, நேராக ஆம்பூர் தோல் கிடங்கு வாசலில் போய் நின்றன. காவல்காரன் அப்துல் வஹாப் பீடியை அணைத்துவிட்டு வந்தான்.

"சமத் பாய் எங்க?"

"ஊருக்குப் போய்ட்டார்."

"தோலு எங்க?"

"இந்த நடை சரியா அமையல."

அதற்கெல்லாம் தலையாட்டினான். பிறகு கூண்டுக்குள் மூக்கை நீட்டினான். ஆம்பூரில் பிறந்தவனுக்கு நாற்றம் தெரியாது. நாறாவிட்டால்தான் தெரியும்.

"இன்னா பாய் இது, தோல் வண்டி நாறல?" என்றான். அவன் முகம் மாறிவிட்டது. "உள்ள இன்னாத்த வெச்சிருக்கற?"

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னேன். கழற்றவில்லை. பெட்டியைத் திறந்தான். பார்த்தவன், மூடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். பெரிய கிடங்குக்குக் காவலாம்.

ஆகவே ஐயா, சமத்தைக் கொன்றது நான்தான். இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் பலகை பலகையாக நான் கட்டிய இடத்திலிருந்து என்னை இறங்கச் சொல்ல அவன் யார்? என் வண்டியில் யார் இருக்கலாம், யார் இறங்கலாம் என்று நான்தானே சொல்ல வேண்டும்? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டு, வண்டி யாருடையது என்று கேட்கிறார்.

வண்டியும் மாடுகளும் சமத்துடையவை. நான் அவனிடம் சமையலுக்கு இருந்தேன்.