அபியோ மட்டும், மூன்று முதல் ஐந்து வரை

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பெயர்: கடைசியில் எழுதுகிறேன். வயது: நாற்பத்தேழு. தொழில்: மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர், தலைமையாசிரியர் பதவிக்கு இருமுறை பரிந்துரைக்கப்பட்டு, இருமுறையும் எனக்கு இளையவர்களுக்குக் கீழே உட்கார வைக்கப்பட்டவன். முகவரி: கிசுமு நகரம், ரயில் பாதைக்குத் தெற்கே, பச்சை இரும்புக் கம்பிக் கதவு போட்ட வீடு.

எனக்கு ஒரே மகள், ஹாவி, வயது ஆறு. அடுத்த வீட்டு ரிஸ்பாவுக்கு ஆறு பிள்ளைகள். அவர்கள் எங்கள் முற்றத்துக்கு விளையாட வந்தால் ஆறு பேரும் வருவார்கள். கயிறு தாண்டும்போது ஹாவிக்குக் கயிற்றின் முனையைப் பிடிப்பதே வேலை. அவள் முறை வரும்முன் இருட்டிவிடும். அந்த ஆறு பேரில் ஹாவிக்குப் பிடித்தவள் அபியோ. ஆகவே சென்ற மாதம் ஒரு தாளில், சனிக்கிழமை மூன்று முதல் ஐந்து வரை, அபியோ மட்டும், என்று எழுதி ரிஸ்பாவிடம் கொடுத்தேன்.

அவள் அதைப் படித்துவிட்டு, "என்ன ஹாவி அப்பா, விளையாட வர்றதுக்கும் டைம்டேபிளா? அப்படியே பள்ளிக்கூட மணியையும் கொண்டாந்து மாட்டிடுங்க" என்றாள். அதன் பிறகு சிரிப்பை நிறுத்தி, "அபியோவை மட்டும் எப்படி அனுப்புறது? அடோங்கோவும் அவளும் ஒரே வயித்துல கிடந்ததுங்க. இரட்டையில ஒண்ணைக் கூப்பிட்டு ஒண்ணை விடுற வழக்கம் நம்மகிட்ட எங்க இருக்கு?" என்றாள். நானும் லுவோ இனத்தில் பிறந்தவன்தான்; வழக்கம் எனக்கும் தெரியும். "எங்க வீட்டுல ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அபியோவும் அடோங்கோவும் வந்தனர். அவர்களுக்கு அடுத்துப் பிறந்த நான்கு வயது ஒகெல்லோ, அக்காமார் போகும் இடமெல்லாம் போகிறவன், அவனும் வந்தான். நான் அபியோவை உள்ளே விட்டு, மற்ற இருவரையும் வெளியே நிறுத்தி, கதவைத் தாழிட்டேன். அதன் பிறகு அடோங்கோ கம்பிகளுக்கிடையே கையை விட்டு அபியோவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா, வீட்டுக்குப் போ" என்றேன். அவள் விடவில்லை. ஹாவி கயிற்றை வைத்துக்கொண்டு நின்றாள். இப்படிக் கால் மணி நேரம் போயிருக்கும். அதற்குள் ஒகெல்லோ தெருவில் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு, ஏரிச் சாலையில் மீன் பொரிக்கும் பெண்கள் அவனைச் சாக்கடையிலிருந்து தூக்கிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். கால் ஒடிந்திருந்தது. காவலர் வந்து என்னைக் கேட்டபோது, "அபியோ மட்டும்தான் வந்தா, மத்தவங்களை நான் பார்க்கல" என்றேன். அடோங்கோ நடந்ததைச் சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளையின் சொல்லை யார் எழுதுவார்கள்? ரிஸ்பா பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாள் என்று வழக்காகிவிட்டது. வியாழக்கிழமை உங்கள் நீதிமன்றத்தில் விசாரணை. அவளுடைய சிறிய பிள்ளைகள் மூவரையும் காப்பகத்துக்கு அனுப்பக்கூடும் என்கிறார்கள்.

அன்றுமுதல் எங்கள் கதவுக்கு யாரும் வரவில்லை. ஹாவி கயிற்றின் ஒரு முனையைத் தாழ்ப்பாளில் கட்டி, மறு முனையைத் தானே சுற்றுகிறாள். அப்படிச் சுற்றிக்கொண்டே தாண்ட முடியாது என்று அவளிடம் சொன்னேன். "தெரியும்பா" என்றாள்.

மேலே உள்ளவை நடந்தபடியே எழுதப்பட்டவை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் முன்பே எழுதியிருப்பேன்.

கையொப்பத்துக்குக் கோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையை வெளியே தள்ளித் தாழிட்ட ஆசிரியருக்கு வேலை மிஞ்சாது. இதில் ஹாவியின் பெயர் இருப்பதால் எழுதியவன் யார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கையொப்பமில்லாத தாளை வைத்து என்னை எதுவும் செய்ய முடியாது. அதை வைத்து ரிஸ்பாவைக் காப்பாற்றவும் முடியாது. இரண்டும் எனக்குத் தெரியும். தபால்தலையை ஹாவி ஒட்டினாள். கையொப்பக் கோட்டை வெறுமையாக விட்டே அனுப்புகிறேன்.